ஷெல்டர் நாய், பூனையை வீட்ல ஃபாஸ்டர் பண்ணப் போறீங்களா? சென்னைல புதுசா ஆரம்பிக்கறவங்களுக்காக

ஃபாஸ்டர்னா வேற ஒண்ணும் இல்லங்க, ஷெல்டர்லயோ இல்ல தனியா ரெஸ்க்யூ பண்றவங்க கிட்டயோ இருக்கற ஒரு நாயையோ பூனையையோ, அதுக்கு நிரந்தரமா ஒரு வீடு அமையற வரைக்கும், இல்ல ஆபரேஷன் காயம் ஆறற வரைக்கும், நம்ம வீட்ல வச்சு பாத்துக்கறது. சென்னைல 1959ல கேப்டன் சுந்தரம் ஆரம்பிச்ச ப்ளூ கிராஸ்ல இருந்து, வீட்டு மாடியில நாலு கூண்டு வச்சு தனியாளா நடத்தறவங்க வரைக்கும் எல்லாருக்கும் இருக்கற பிரச்சனை ஒண்ணுதான், இடம் பத்தல. அதுலயும் ஊசி போடாத குட்டிகளுக்கு ஷெல்டர் ரொம்ப ஆபத்தான இடம், ஏன்னா அடிபட்டதும் நோய் வந்ததும் தினமும் அங்கதான் வந்து இறங்குது, ஒரு நாய்க்கு பார்வோங்கற வைரஸ் நோய் வந்தா பக்கத்துல இருக்கற குட்டிங்க வரிசையா படுத்துரும். நீங்க ஒண்ணை வீட்டுக்கு கூட்டிட்டு வந்தா அதுவும் பொழைக்கும், அங்க ஒரு கூண்டும் காலியாகும், ரோட்ல அடிபட்டுக் கிடக்கற இன்னொண்ணுக்கு அந்த இடம் கிடைக்கும்.

முதல் தடவை எதை எடுக்கறது

ஃபாஸ்டர் பண்றேன்னு வர்றவங்கள்ல நிறைய பேர் கேக்கறது குட்டி நாய், இல்லன்னா கண்ணு தொறக்காத பூனைக்குட்டி. நான் சொல்றது என்னன்னா முதல் தடவை அது ரெண்டுமே வேண்டாம். குட்டி நாய் மணிக்கொரு தடவை ஒண்ணுக்கு போகும், செருப்பு, சார்ஜர் வயரு, சோஃபா கால்னு எல்லாத்தையும் கடிக்கும், தடுப்பூசி முடியாததால வெளிய தரையில இறக்கவும் முடியாது. பால் குடிக்கற பூனைக்குட்டின்னா ராத்திரியெல்லாம் அலாரம் வச்சு எழுந்திருக்கணும், அவ்ளோ பாத்தும் சில குட்டிங்க தங்காது, அது மனசை ரொம்ப உடைச்சுரும், பல பேர் அதோட ஃபாஸ்டர் பண்றதையே விட்டுடறாங்க.

வளர்ந்த நாட்டு நாயை எடுங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிஞ்ச பெண் நாய், கால் உடைஞ்சு கட்டு போட்ட நாய், வயசாகி யாருமே கேக்காத நாய், இதுல ஏதாவது ஒண்ணு. பகல்ல பாதி நேரம் தூங்கும், தான் படுக்கற இடத்தை அசிங்கம் பண்ணாத பழக்கம் பெரும்பாலும் இருக்கும், அதனால நேரத்துக்கு வெளிய கூட்டிட்டு போனா சீக்கிரமே புரிஞ்சுக்கும். அடாப்ஷன்ல குட்டிங்க எப்படியோ போயிரும், இந்தப் பெரிய நாய்ங்க தான் வருஷக்கணக்கா கூண்டுலயே கிடக்குது, உங்க வீடு உண்மையிலேயே தேவைப்படறது இவங்களுக்குத்தான். பூனைன்னா ஒரு வயசு தாண்டின, சாதுவான, ஆபரேஷன் ஆன பூனையா கேளுங்க.

வீட்ல பேசறது, ஓனர் கிட்ட பேசறது

வீட்ல இருக்கற ஒவ்வொருத்தர் கிட்டயும் முன்னாடியே பேசிருங்க. அம்மாவுக்கு பயமா, குழந்தைக்கு வீசிங் இருக்கா, யாராவது மாசமா இருக்காங்களா, எல்லாம் பாக்கணும். மாசமா இருக்கறவங்க பூனை மலத்தட்டை சுத்தம் பண்ணக் கூடாது, டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆபத்து, அந்த வேலையை வேற யாராவது பாத்துக்கணும். சைவ வீடுன்னா நாயை முட்டை, தயிர், டாக்டர் சொல்ற டிரை ஃபுட்டுன்னு சமாளிக்கலாம், பூனைக்கு அது நடக்காது, மாமிசத்துல இருக்கற டாரின் சத்து இல்லன்னா அதுக்கு கண்ணும் இதயமும் கெட்டுப் போகும், அதனால கடையில விக்கற பூனை டிரை ஃபுட்டாவது வீட்டுக்குள்ள வர சம்மதமான்னு கேட்டுக்கோங்க.

வாடகை வீடுன்னா ஓனர் கிட்ட மறைக்காதீங்க, நடுவுல தெரிஞ்சு ரெண்டு நாள்ல அனுப்பிருன்னு சொன்னா அந்த ஜீவன் தான் மறுபடியும் அலையும். அபார்ட்மென்ட் அசோசியேஷன் செல்லப்பிராணியே கூடாதுன்னு ரூல் போட முடியாது, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே இதுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. அதுக்காக சண்டைக்கு நிக்கணும்னு இல்ல, லிஃப்ட்ல கயிறு போட்டு கிட்டக்க பிடிச்சுக்கறது, அது போன அசிங்கத்தை நாமே எடுக்கறது, இது ரெண்டும் ஒழுங்கா இருந்தாலே பாதி வாக்குவாதம் வராது.

ஷெல்டர் கிட்ட எழுதி வாங்க வேண்டியது

இதை தயவு செஞ்சு யாரும் விட்றாதீங்க. வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் போதும், எழுத்துல இருக்கணும். ஆஸ்பத்திரி செலவு யாரோடது, சாப்பாடு செலவு யாரோடது, ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்தா யாருக்கு ஃபோன் பண்றது, எந்த தேதி வரைக்கும் நான் வச்சுக்கறேன், அந்த தேதிக்குள்ள வீடு கிடைக்கலன்னா நீங்க திரும்ப எடுத்துப்பீங்களா. இந்தக் கடைசி கேள்வி தான் ரொம்ப முக்கியம். ரெஸ்க்யூ பண்றவங்க நல்லவங்க தான், ஆனா கைக்கு மீறி எடுத்துப் போட்டுட்டு ஃபாஸ்டர் பண்றவங்க ஃபோனை எடுக்காம விட்டுடறது அடிக்கடி நடக்குது, ரெண்டு வாரம்னு சொன்னது ஆறு மாசம் ஆகும்போது அன்பா ஆரம்பிச்சவங்க கசந்து போயிடறாங்க. தேதி குறிக்கறது தப்பே இல்ல, முடிஞ்சா நீட்டிச்சுக்கலாம். ஆனா எந்த நிலையிலயும் ரோட்ல கொண்டு போய் விடக் கூடாது, 1960ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துப்படி பட்டினியில வாடுற மாதிரி ஒரு மிருகத்தைக் கைவிடறது குற்றம்.

கூடவே தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, ஆபரேஷன் ஆச்சா, மனுஷங்களையோ மத்த நாயையோ கடிச்சிருக்கா, என்ன சாப்பிட்டுட்டு இருந்துச்சு, எதுக்கு பயப்படும், எல்லாம் கேட்டு வாங்கிருங்க. சென்னை மாநகராட்சியில நாய்க்கு லைசென்ஸ் வேணும், அது யார் பேர்ல எடுக்கறதுன்னு அப்பவே பேசி முடிவு பண்ணிக்கோங்க.

அது வர்றதுக்கு முன்னாடி

தனியா ஒரு ரூம் இருந்தா நல்லது, இல்லன்னா பால்கனி கதவோட ஒரு மூலை, மூடின வராண்டா, ரெண்டாவது பாத்ரூம், எதுவா இருந்தாலும் சரி, கதவு சாத்தற மாதிரி இருக்கணும். பழைய பெட்ஷீட், ரெண்டு எவர்சில்வர் கிண்ணம், ஒரு கயிறு, நல்லா இறுக்கமா இருக்கற கழுத்துப்பட்டை, ஒரு ஹார்னஸ் (நெஞ்சைச் சுத்தி மாட்டற பட்டை), இது போதும், கடைக்குப் போய் பொம்மையும் மெத்தையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். தரை துடைக்க ஃபினாயில் போடாதீங்க, பூனை உடம்பு அதைத் தாங்காது, நடந்துட்டு பாதத்தை நக்கினாலே போதும் விஷமாயிரும். எலி மருந்து, கரப்பான் சாக்பீஸ் ஏதாவது மூலையில போட்டிருந்தா எல்லாத்தையும் எடுத்துருங்க.

பூனைன்னா ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடிக்காம கூட்டிட்டே வராதீங்க. பூனை எங்க இருந்து குதிச்சாலும் நாலு காலும் ஊனி நின்னுரும்னு எல்லாரும் சொல்றாங்க, மூணாவது மாடியில இருந்து விழுந்து தாடை உடைஞ்ச பூனைங்களை கிளினிக்ல பாத்தவங்க யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க. புறாவுக்கு அடிக்கற நைலான் வலையை சில பூனைங்க கடிச்சு ஓட்டை போட்டுரும், முடிஞ்சா கம்பி வலை போடுங்க, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஓட்டையையும் மறக்காம அடைச்சுருங்க.

உங்க வீட்ல ஏற்கனவே நாயோ பூனையோ இருந்தா அதுங்களுக்கு ஊசி எல்லாம் கரெக்டா போட்டிருக்கான்னு பாத்துட்டுத்தான் புதுசை எடுக்கணும். வந்ததுல இருந்து குறைஞ்சது 14 நாள் தனியா வையுங்க, கிண்ணம் தனி, துணி தனி, புதுசை தொட்டா கையை சோப்பு போட்டு கழுவிட்டு டிரஸ்ஸும் மாத்திட்டு உங்க பழைய ஆளு கிட்ட போங்க. அப்புறமும் ஒரேயடியா முகத்துக்கு முகம் காட்டாதீங்க. ஒண்ணு படுத்த துணியை இன்னொண்ணு மோந்து பாக்கட்டும், அப்புறம் சாத்தின கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சாப்பாடு வையுங்க, நாயா இருந்தா ரெண்டு பேர் ரெண்டு கயிறு பிடிச்சு தெருவுல கொஞ்ச தூரம் தள்ளித் தள்ளி நடந்துட்டு வாங்க.

முதல் சில நாள்

வந்த உடனே பக்கத்து வீட்டுக் குழந்தைங்க எல்லாரையும் கூப்பிட்டு காட்ட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், தூக்கி கொஞ்ச வேண்டாம். கூண்டுலயே இருந்த நாய்க்கு மிக்ஸி சத்தம், டிவி, குக்கர் விசில், ஃபேன் நிழல் எல்லாமே புதுசு. எங்க வீட்டுக்கு வந்த ஒரு கருப்பு பெண் நாய், காது ஓரத்துல ஏபிசி, அதாவது தெரு நாய்ங்களுக்கு பண்ற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் அடையாளமா வெட்டின தழும்பு இருக்கும், பாத்ரூம் வாளிக்கும் சுவத்துக்கும் நடுவுல போய் ஒடுங்கினது தான், யாராவது உள்ள வந்தா மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கும், வச்ச சோறு அப்படியே காஞ்சு போயிரும். நாங்க லைட்டை அணைச்சுட்டு ஹாலுக்குப் போய் படுத்தப்புறம் தான் கிண்ணம் தரையில உரசற சத்தம் கேக்கும், அப்பத்தான் சாப்பிடும். அதை வெளிய இழுக்காம, தினமும் அந்த வாசல்ல முதுகைக் காட்டி உக்காந்து ஃபோன் பாத்துட்டு இருந்தோம், கண்ணைப் பாக்கல, கை நீட்டல, பக்கத்துல வேகவச்ச சிக்கன் துண்டு மட்டும் வச்சிருவோம். ஒரு நாள் பின்னாடி இருந்து ஈர மூக்கு முழங்கையில பட்டுச்சு. அப்பவும் திரும்பாம அப்படியே இருந்தோம். பயந்த நாய்க்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மூணு நாள் பயம், மூணு வாரத்துல வீட்டுப் பழக்கம் புரியும், மூணு மாசத்துல முழுசா பழகும்னு ஒரு கணக்கு சொல்வாங்க. எல்லா நாயும் அந்தக் கணக்குப்படி நடக்காது, ஆனா முதல் வாரத்துல பாக்கற குணத்தை வச்சு இது இப்படித்தான்னு முடிவு கட்டக் கூடாதுங்கறதுக்கு அந்தக் கணக்கு உதவும்.

நாய் ஓடிப் போறது அதிகமா இந்த முதல் வாரத்துல தான். ஸ்விக்கி பையன் பெல் அடிப்பான், கதவை லேசா தொறப்பீங்க, காலுக்கு நடுவுல புகுந்து போயிரும், உங்க தெரு அதுக்கு தெரியாது, பேர் சொல்லி கூப்பிட்டாலும் வராது. அதனால வாசக்கதவு தொறக்கறதுக்கு முன்னாடி ரூம் கதவு சாத்தியிருக்கணும், வேலைக்கு வர்ற அக்கா கிட்டயும் சொல்லி வையுங்க. வெளிய போகும்போது கழுத்துப்பட்டையில ஒரு கயிறு, ஹார்னஸ்ல ஒரு கயிறு, ரெண்டும் மாட்டுங்க, பட்டை கழண்டாலும் ஒண்ணு கையில இருக்கும். உங்க ஃபோன் நம்பரை பட்டையிலயே மார்க்கர்ல எழுதிருங்க. சென்னை வெயில்ல காலைல ஏழு மணிக்குள்ள, சாயங்காலம் இருட்டினப்புறம் தான் நடை, ரோட்ல உங்க உள்ளங்கையை வச்சுப் பாருங்க, உங்களுக்கு சுட்டா அதுக்கும் சுடும். தீபாவளி வாரத்துல புது நாயை கூட்டிட்டு வராதீங்க, அனுப்பவும் செய்யாதீங்க.

சாப்பாடு

ஷெல்டர்ல என்ன சாப்பிட்டுச்சோ அதையே முதல் சில நாள் கொடுத்துட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, திடீர்னு மாத்தினா பேதி ஆகும். சோறு, எலும்பில்லாத சிக்கன், கொஞ்சம் பூசணி இல்ல கேரட், உப்பு போடாம வேகவச்சாலே நாய்க்கு நல்ல சாப்பாடு. நம்ம வீட்டு மிச்சம் மீதி கொடுக்கற பழக்கம் வேண்டாம், அதுல வெங்காயம், பூண்டு இருக்கும், ரெண்டுமே நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட், வேகவச்ச கோழி எலும்பு, இதெல்லாம் கூடவே கூடாது. பால் பலதுக்கு ஒத்துக்காது, நாய்க்கு தயிர் கொடுக்கலாம்.

உடம்பு சரியில்லன்னா

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில செலவு குறைவு, கூட்டம் அதிகம், பொறுமையா இருந்து பாத்துட்டு வரணும். உங்க ஏரியால ராத்திரியும் திறந்திருக்கற கிளினிக் எதுன்னு முதல் நாளே விசாரிச்சு நம்பரை ஃபோன்ல போட்டு வையுங்க.

குட்டி நாய் திடீர்னு சாப்பிடாம, வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து நாத்தமா பேதி போனா அது பார்வோவா இருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, குட்டிக்கு ஒரு ராத்திரி ரொம்ப பெரிசு. உண்ணிக் காய்ச்சல் நம்ம ஊர்ல சர்வ சாதாரணம், காய்ச்சல், ஈறு வெளுத்துப் போறது, மூக்குல ரத்தம் வந்தா உடனே ரத்தப் பரிசோதனை. பூனை ஒரு நாள் முழுக்க சாப்பிடலன்னாலே டாக்டர் கிட்ட ஃபோன் பண்ணுங்க, ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா கல்லீரல் கெட ஆரம்பிச்சுரும், குண்டா இருக்கற பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஆண் பூனை மலத்தட்டுல போய்ப் போய் உக்காந்து முக்குது, ஒண்ணுக்கு சொட்டு கூட வரலன்னா அது எமர்ஜென்சி, அந்த நிமிஷமே கிளம்பணும்.

நீங்களா மருந்து கொடுக்காதீங்க. மனுஷங்க போடற பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்னுரும். நாய்க்கு உண்ணிக்கு போடற சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருந்தா அதை பூனை மேல போடவே கூடாது, அது போட்ட நாயை உடனே பூனை பக்கத்துல விடவும் கூடாது.

உங்களுக்கும் பாதுகாப்பு வேணும். அடிக்கடி ஃபாஸ்டர் பண்ணப் போறீங்கன்னா டாக்டர் கிட்ட கேட்டு முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கோங்க. கடிச்சாலோ கீறினாலோ, அது குட்டியா இருந்தாலும் சரி, விளையாட்டா பட்டதா இருந்தாலும் சரி, ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க, மஞ்சத்தூள் வைக்கறது, கட்டு போடறது வேண்டாம். அரசு ஆஸ்பத்திரில ஊசி இலவசம், சொன்ன தேதிக்கெல்லாம் விடாம போய் முடிக்கணும். பூனைக்குட்டி கிட்ட இருந்து படர்தாமரை வரும், அதுக்கு பயப்பட வேண்டாம், மருந்து போட்டா போயிரும்.

பால் குடிக்கற பூனைக்குட்டி வந்தே தீரும்னா

வேண்டாம்னு தான் சொன்னேன், ஆனா மார்ச் ஏப்ரல் ஆனா ஒரு அட்டைப் பெட்டியில யாராவது கொண்டு வந்து கொடுத்துடறாங்க, அதனால சொல்றேன். குட்டி ஜில்லுனு இருந்தா பால் கொடுக்கக் கூடாது, முதல்ல உடம்பு சூடாகணும், வெந்நீர் பாட்டிலை துணி சுத்தி பக்கத்துல வச்சு மெதுவா சூடேத்துங்க. குளிர்ந்த வயித்துக்குள்ள போற பால் செரிக்காது. பசும்பால், ஆவின் பால் வேண்டாம், பூனைக்குட்டிக்குன்னு விக்கற பால் பவுடர் வாங்குங்க. மனுஷக் குழந்தை மாதிரி மல்லாக்க போட்டு ஊட்டாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும், வயிறு தரையில படற மாதிரி கவுத்து, தலையை மட்டும் லேசா தூக்கி, தானா சப்பற வேகத்துல குடிக்கட்டும். 100 கிராம் எடை இருக்கற குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மி.லி. கிட்டத்தான் வயித்துல இடம் இருக்கும், முதல் வாரம் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வளர வளர இடைவெளி கூட்டலாம். ஒவ்வொரு தடவை குடிச்சதும் ஈரப்பஞ்சால அடிப்பக்கம் மெதுவா தடவி விடணும், அம்மா பூனை நக்கி விடறது அதுக்குத்தான், அது இல்லாம குட்டியால ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போக முடியாது. சமையல் தராசுல தினமும் எடை போட்டு எழுதுங்க, நாளைக்கு 10, 15 கிராம் ஏறணும், ஏறாம நின்னாலே டாக்டர் கிட்ட கூட்டிட்டு போங்க. நாலு வாரம் ஆனதும் ஈர உணவை பால்ல கரைச்சு தட்டுல வச்சு பழக்கலாம்.

வீடு தேடறது

ஃபோட்டோ பகல் வெளிச்சத்துல, நாயோட கண் உயரத்துக்கு உக்காந்து எடுங்க, கம்பிக்குப் பின்னாடி சோகமா நிக்கற படம் பரிதாபத்தைக் கொண்டு வரும், வீடு கிடைக்காது. சோஃபா பக்கத்துல தூங்கறது, பந்து பிடிக்கறது, ஆட்டோல அமைதியா உக்காந்து வர்றது மாதிரி வீடியோ போடுங்க. குணத்தை உள்ளபடி எழுதுங்க, தனியா விட்டா கத்தும்னா கத்தும்னு எழுதுங்க, மறைச்சு அனுப்பினா ஒரு வாரத்துல திரும்பி வரும்.

கேக்கறவங்க கிட்ட நீங்க கேள்வி கேக்கணும், கூச்சப்படாதீங்க. சொந்த வீடா வாடகையா, ஓனருக்கு தெரியுமா, பகல்ல யார் இருப்பாங்க, ஊருக்குப் போனா யார் பாத்துப்பாங்க, வாசல்ல கட்டிப் போட்டு காவலுக்கு வைக்கவா, குடும்பக் கட்டுப்பாடு பண்ணுவாங்களா. ஆபரேஷன் ஆகாத நாயா இருந்தா இது இன்னும் முக்கியம், இல்லன்னா அடுத்த வருஷம் அதோட குட்டிங்க தெருவுல. பத்து நிமிஷமாவது அவங்க வீட்டுக்கு நேர்ல போய் பாருங்க, பூனைன்னா வலை இருக்கான்னு உங்க கண்ணால பாக்காம கொடுக்காதீங்க. கடைசி முடிவு ஷெல்டரோடது, ஆனா அந்த ஜீவனை பக்கத்துல இருந்து பாத்தவங்க நீங்க, மனசுக்கு சரியா படலன்னா சொல்லிருங்க.

நாமே வச்சுக்கலாமேன்னு தோணும், எல்லாருக்கும் தோணும். பத்து பதினஞ்சு வருஷம் பாத்துக்க முடியும்னா தாராளமா வச்சுக்கோங்க. ஆனா அனுப்பற அன்னிக்கு அழுகை வருதுங்கறதுக்காக மட்டும் முடிவு பண்ணாதீங்க, அழுதுட்டே அனுப்பலாம், எங்க வீட்ல அப்படித்தான் அனுப்பறோம்.

அனுப்பும்போது அது படுத்திருந்த துவைக்காத துணி, ஒரு வாரத்துக்கு அதே சாப்பாடு, ஊசி அட்டை, அடுத்த ஊசி தேதி, பழக்க வழக்கங்களை ஒரு பேப்பர்ல எழுதி கொடுங்க. முதல் மாசம் அப்பப்ப ஃபோட்டோ கேளுங்க, ஆனா தினமும் போய் நிக்காதீங்க, அது புது ஆளுங்க கூட ஒட்டணும்.

அது போனப்புறம் ரூமை சோப்புத் தண்ணி ஊத்தி தேய்ச்சு கழுவிட்டு, 30 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து 10 நிமிஷம் ஊற விட்டு அலசுங்க, அழுக்கு மேலயே ப்ளீச் ஊத்தினா வேலை செய்யாது. ஜன்னலைத் தொறந்து காய விடுங்க. வந்த நாய்க்கு பார்வோ இருந்திருந்தா அந்தக் கிருமி மண்ணுல, தரை இடுக்குல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், அதனால ஒரு வருஷத்துக்கு ஊசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்கு எடுக்காதீங்க. ஊசி போட்ட பெரிய நாயை எடுக்கலாம், ஷெல்டருக்கு ஃபோன் பண்ணி யார் ரொம்ப நாளா காத்திருக்காங்கன்னு கேளுங்க.